இயற்கணிதத்தைத் திருடியது யார்?

கேள்வி: பள்ளிப் பாடநூல்கள் அல்-குவாரிஸ்மியை ‘இயற்கணிதத்தின் தந்தை’ என்கின்றன. அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பிரம்மகுப்தர் இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்துவிட்டார். நம்மிடமிருந்து திருடியவருக்குத் தந்தைப் பட்டமா? உங்கள் இதழாவது இதை உரக்கச் சொல்லக் கூடாதா?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: திருட்டுப் புகார் கொடுப்பவர், களவுபோன பொருள் எதிராளியின் வீட்டில் இருக்கிறதா என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தம் என்ற வானியல் நூலின் 18-ஆம் அத்தியாயத்தில், குறை எண்களையும் பூச்சியத்தையும் கூட்டிக் கழித்துப் பெருக்குவதற்கான விதிகள் இருக்கின்றன. தெரியாத எண்கள் பலவாகும்போது அவற்றுக்கு நிறங்களின் பெயரை இடும் வழக்கமும் இருக்கிறது. கலீபா அல்-மாமூனின் ஆட்சிக் காலத்தில் (813–833) பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி எழுதிய இயற்கணித நூலில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. குறை எண்ணை அவர் தனி எண்ணாக ஏற்காததால்தான் சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழி சொல்ல வேண்டியிருந்தது. பிரம்மகுப்தரின் ஏட்டைப் பார்த்து எழுதியவராக இருந்திருந்தால் இந்தச் சிரமம் அவருக்கு எதற்கு?

இந்தியாவிடமிருந்து அவர் எதுவுமே பெறவில்லை என்று நான் சொல்லவில்லை. அவருடைய வானியல் அட்டவணைகள், பாக்தாதில் அரபு மொழிக்குப் போயிருந்த இந்திய வானியல் மரபைப் பின்பற்றியவை. இந்திய எண்முறையை விளக்குவதற்கென்றே தனி நூல் எழுதி, அது இந்தியர்களுடையது என்றும் அதில் சொன்னார். கடன் வாங்கிய இடத்தை வெளிப்படையாகச் சொன்ன மனிதரைத் திருடர் என்பது, ஆத்திரத்துக்கு உதவலாம், வரலாற்றுக்கு உதவாது.

அவர் தாமாகச் செய்தது என்ன என்பதையும் பார்த்துவிடுவோம். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39, எண் எது? பத்தில் பாதி 5, அதன் வர்க்கம் 25, அதை 39-உடன் கூட்டினால் 64, அதன் வர்க்கமூலம் 8, அதிலிருந்து 5 போக 3. இந்த வழியைச் சொன்னதோடு நில்லாமல், ஒரு சதுரத்தை வரைந்து, அதன் பக்கங்களில் செவ்வகங்களை ஒட்டி, மூலையில் விழும் இடைவெளியை நிரப்பி, விடை ஏன் சரியாக வருகிறது என்று காட்டினார். வானியல் நூலின் நடுவில் ஓர் அத்தியாயமாக வைக்காமல் இதைத் தனித் துறையாகவே எழுதினார். நூலின் ஒரு பெரும் பகுதியைப் பாகப்பிரிவினைக் கணக்குகளுக்கு ஒதுக்கினார். பாடநூல் தரும் பட்டத்துக்கு நியாயம் தேட வேண்டுமானால் இங்கேதான் தேட வேண்டும். முதலில் கண்டவர் என்ற பொருளில் அந்தப் பட்டம் அவருக்கும் பொருந்தாது.

ஏனென்றால், நீங்கள் பெருமையோடு குறிப்பிடும் இருபடிச் சமன்பாட்டை பிரம்மகுப்தருக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாபிலோனியர் போட்டுவிட்டார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு களிமண் பலகையின் முதல் கணக்கு, சதுரத்தின் பரப்பையும் பக்கத்தையும் கூட்டினால் முக்கால் என்கிறது. அதைத் தீர்க்கும் வழியும் பாதியாக்கு, வர்க்கமாக்கு, கூட்டு, மூலம் எடு, கழி என்றேதான் போகிறது, விடை அரை. முந்தியவருக்கே பட்டம் என்ற உங்கள் அளவுகோலைக் கையில் எடுத்தால், பாக்தாதிலிருந்து பறிக்கப்படும் பட்டம் பிரம்மகுப்தரின் ஊரான பில்லமாலத்துக்கு வராது, பாபிலோனுக்கே போகும். (எழுத்துகளைக் கொண்டு சமன்பாடு எழுதும் இன்றைய முறையோ 1591-இல் பிரான்சின் வியேத்தாவோடுதான் உருப்பெறத் தொடங்குகிறது.)

எனக்கு வருத்தமெல்லாம், பிரம்மகுப்தருக்காக வழக்காட வந்த நீங்கள் அவருடைய உண்மையான சொத்தை விட்டுவிட்டு, பலருக்கும் பொதுவானதைக் கேட்டு நிற்பதுதான். ஒரு வர்க்க எண்ணை 92-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் மற்றொரு வர்க்க எண் வர வேண்டும். இதை ஓராண்டுக்குள் செய்பவனே கணிதன் என்று அவர் எழுதினார். இந்த வகைக் கணக்கில் ஒரு விடையிலிருந்து இன்னொரு விடையைப் பிறப்பிக்கும் முறையை வகுத்தவர் அவர். அந்த வழியே சென்று, 1150-இல் இரண்டாம் பாஸ்கரர் 92-க்குப் பதிலாக 61-ஐ வைத்து, 22,61,53,980 என்ற எண்ணைக் கண்டார். இதே 61-ஐத்தான் 1657-இல் பிரான்சின் ஃபெர்மா, பாஸ்கரரைப் பற்றி ஏதும் அறியாமலே, தம் காலத்துக் கணிதர்களுக்குச் சவாலாக விட்டார்.

பாடநூல் குழுவுக்குக் கடிதம் எழுதும் எண்ணம் இருந்தால் தந்தைப் பட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, இந்த 92-ஐப் பத்தாம் வகுப்புப் பயிற்சியில் சேர்க்கச் சொல்லுங்கள். விடை 120. அதன் வர்க்கம் 14,400. 92-ஆல் பெருக்கி ஒன்று கூட்டினால் 13,24,801. அது 1,151-இன் வர்க்கம்.