நகல் யாருக்குப் போனது?

அன்புள்ள ஐயா,

கொன்ஃப்ரண்டாசி, அதாவது 1963–66-இல் மலேசியாவை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய மோதல் பற்றி முதுகலை ஆய்வு செய்கிறேன். 1964-இல் கலிமந்தான் (இந்தோனேசிய போர்னியோ) எல்லையைத் தாண்டிப் படை அனுப்பும் முடிவை லண்டனில் யார், எப்போது எடுத்தார்கள் என்று தேடினால், லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் அட்டவணையில் சில கோப்புகளுக்கு நேரே ‘துறையிடமே உள்ளது’ என்றுதான் வருகிறது. அறுபது வருடம் கழித்தும் மறைப்பது சதிதானே? ஈராக் போர் ஆவணங்களை ஆஸ்திரேலியா ‘தொலைத்ததும்’ அப்படித்தானே? நம் ஓ.எஸ்.ஏ. (அரசு ரகசியச் சட்டம்) இருக்கும்வரை இங்கே வரலாறு எழுத முடியுமா?

ச., ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள தம்பி,

போர் முடிவுகளின் ஆவணங்களைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. இல்லையென்றால் ‘சதி’ என்ற சொல்லைப் பார்த்ததுமே மூடி வைத்திருப்பேன்.

ஓ.எஸ்.ஏ.வை முதலில் ஒதுக்கிவிடுவோம். 1972-ஆம் ஆண்டுச் சட்டம். 1986 திருத்தத்துக்குப் பிறகு, ஓர் அதிகாரி ‘இது ரகசியம்’ என்று சான்றிதழ் கொடுத்துவிட்டால் 16ஏ பிரிவின்படி நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. மோசமான சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் தேடும் முடிவு லண்டனில் எடுத்தது. பினாங்கின் 2010 தகவல் சுதந்திரச் சட்டத்தை நம்பி மாநில அரசு அலுவலகங்கள் இருக்கும் கொம்தாருக்கு நடக்கவும் வேண்டாம். அது மாநில அரசுத் துறைகளோடு நின்றுவிடும்.

இனி ஆஸ்திரேலியா. 2003-ஆம் ஆண்டு அமைச்சரவை ஆவணங்கள் 2024 ஜனவரி 1-இல் திறக்கப்பட்டபோது, அமைச்சரவையின் தேசியப் பாதுகாப்புக் குழுவுடைய 78 ஆவணங்கள் காப்பகத்துக்கு வந்தே சேரவில்லை என்று தெரிந்தது. 2020-இல் ஒப்படைத்தபோது விடுபட்டவை. மார்ச்சில் அவற்றிலிருந்தும் சிலவற்றை வெளியிட்டார்கள். எல்லாரும் இந்த 78-ஐப் பிடித்துக்கொண்டு கத்தினார்களே, ஜனவரியிலேயே திறந்து கிடந்த தாளை எத்தனை பேர் படித்தார்கள்? 2003 மார்ச் 18-இல் முழு அமைச்சரவை போருக்கு ஒப்புதல் தந்தது, பிரதமர் ஜான் ஹோவர்ட் வாய்மொழியாகச் சொன்னதை வைத்து. இந்தப் போரால் என்ன லாபம், என்ன செலவு, என்ன விளைவு என்று எடைபோட்ட ஒரு பத்திரம்கூட அந்த மேசைக்கு வரவில்லை.

பிரிட்டனில் நடந்தது இதைவிட வேடிக்கை. 2003 மார்ச் 13, 17 ஆகிய இரண்டு அமைச்சரவைக் கூட்டங்களின் குறிப்புகளை வெளியிடும்படி 2009 ஜனவரியில் தகவல் தீர்ப்பாயம் சொன்னது. அடுத்த மாதமே நீதி அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா, தகவல் சுதந்திரச் சட்டத்தின் 53-ஆம் பிரிவை எடுத்துத் தடுத்தார். அந்த வீட்டோ அதிகாரத்தை ஓர் அமைச்சர் பயன்படுத்தியது அதுவே முதல்முறை. 2003-இல் வெளியுறவு அமைச்சராக இருந்தவரும் அவரேதான். பிறகு ஈராக் போரை விசாரித்த சில்காட் குழுவின் அறிக்கை 2016 ஜூலை 6-இல் 12 தொகுதிகளாக வந்தது. அட்டர்னி ஜெனரல் கோல்ட்ஸ்மித் 2003 மார்ச் 7-இல் எழுதிக் கொடுத்த விரிவான சட்டக் கருத்தை அமைச்சரவைக்குக் காட்டவே இல்லையாம். போர் சட்டப்படி செல்லுமா என்று அங்கே காத்திரமான விவாதம் நடந்ததாகப் பதிவும் இல்லை. அத்தனை காவல் போட்ட பெட்டி அந்த விஷயத்தில் காலியாக இருந்தது.

பூட்டிய கோப்புக்கு நான் அவ்வளவாகப் பயப்படுவதில்லை, தம்பி. எழுதாமலே விட்ட கோப்புக்குத்தான் பயம். எழுதியதை அழிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. 1956 அக்டோபர் 24-இல், பாரிஸுக்கு வெளியே செவ்ரில், எகிப்தைத் தாக்க பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் ரகசிய ஒப்பந்தம் போட்டன. மூன்று பிரதிகள். பிரிட்டன் சார்பில் கையெழுத்திட்டவர் வெளியுறவுத் துறை அதிகாரி பேட்ரிக் டீன். தாளில் ஏறிவிட்டது என்று தெரிந்ததும் பிரதமர் ஈடன் பதறிப்போய், மற்றப் பிரதிகளையும் ஒழித்துவிடச் சொல்லி டீனையும் இன்னோர் அதிகாரி டொனால்ட் லோகனையும் மறுநாளே பாரிஸுக்கு விரட்டினார். பிரெஞ்சுக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். பிரிட்டிஷ் பிரதி அழிந்தது. டிசம்பரில் நாடாளுமன்றத்தில் எழுந்து, இஸ்ரேல் தாக்கப்போவது முன்கூட்டித் தெரியாது என்றார் ஈடன். இஸ்ரேலியப் பிரதி, அன்றைய இஸ்ரேல் பிரதமர் பென் குரியன் பெயரிலான காப்பகத்தில் பத்திரமாக இருந்து 1996-இல் வெளியே வந்தது.

இதை வைத்துக்கொண்டு உங்கள் வேலைக்கு வாருங்கள். 1964-இல் லண்டன் அமைச்சுகளில் முக்கியமான கடிதம் எதுவும் ஒற்றைப் பிரதியாகப் போகாது. தாளின் அடியில் ‘நகல்கள்’ என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். உங்களைப் போன்ற பிள்ளைகள் சாரத்தைப் படம் பிடித்துவிட்டு அந்த வரியை வெட்டிவிடுகிறீர்கள். உதைக்க வேண்டும்! யார் யாருக்கு நகல் போனதோ, அத்தனை கோப்புகளிலும் அந்தத் தாள் இருக்க வாய்ப்புண்டு. ஒவ்வொன்றையும் வெவ்வேறு வருடத்தில் வெவ்வேறு அதிகாரி பரிசீலித்திருப்பார். பாதுகாப்பு அமைச்சின் கோப்பில் உருவியது, பிரதமர் அலுவலகக் கோப்பில் அப்படியே கிடக்கலாம்.

கோப்பைத் திறந்தால் ஒரு பக்கம் அதிகாரிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட குறிப்புகள் இருக்கும், மறுபக்கம் வந்த கடிதங்கள் எண்ணிட்டு இருக்கும். 14-க்குப் பின் 16 வந்தால், 15 போன இடத்தில் எந்தச் சட்டப் பிரிவின்படி எடுத்தார்கள் என்று எழுதிய பதிலித் தாள் நிற்கும். அங்கேயே மனம் உடைந்து உட்காராதீர்கள். குறிப்புப் பக்கத்தில் ‘15-ஐப் பார்க்கவும்’ என்று யாராவது எழுதி, இரண்டு வரியில் சாரத்தையும் சொல்லியிருப்பார். தாளை உருவியவர் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

கியூவில் தேட வேண்டிய கோப்பு வரிசைகள்: பிரதமர் அலுவலகத்துக்கு 1964 வரை பிரெம் 11, பிறகு பிரெம் 13; அமைச்சரவையின் பாதுகாப்பு, வெளிநாட்டுக் கொள்கைக் குழுவுக்கு கேப் 148; முப்படைத் தளபதிகள் குழுவுக்கு டெஃப் 4; காமன்வெல்த் உறவுத் துறைக்கு டி.ஓ. 169. எல்லை தாண்டிய அந்த நடவடிக்கைகளின் ரகசியப் பெயரான ‘கிளாரெட்’ என்பதை மட்டும் தட்டித் தேடினால் பாதி தப்பிவிடும், கோப்புத் தலைப்பில் அதை எழுதியிருக்க மாட்டார்கள். ஆழத்தை வைத்துப் பிடியுங்கள். எல்லைக்கு அப்பால் 3,000 கெஜம் என்று தொடங்கிய அனுமதி 10,000 கெஜம் வரை போனது. ஒவ்வொரு நீட்டிப்புக்கும் யாரோ அனுமதி கேட்டிருக்கிறார், யாரோ கையெழுத்திட்டிருக்கிறார். ஆஸ்திரேலியப் படையும் 1965-இல் எல்லை தாண்டியது. 1996-இல்தான் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். ஆகவே கான்பெர்ராவில் ஆஸ்திரேலிய தேசியக் காப்பகத்தின் ஏ1838, ஏ1945 வரிசைகளையும் பாருங்கள்.

அதன் பிறகும் அகப்படாததற்கு மட்டும் விண்ணப்பம். பிரிட்டிஷ் தகவல் சுதந்திரச் சட்டத்தில் எந்த நாட்டுக்காரரும் கேட்கலாம். அட்டவணையில் ‘மூடப்பட்டது’ என்றிருந்தால் கியூவிடம், ‘துறையிடமே உள்ளது’ என்றிருந்தால் அந்தத் துறையிடம். இதை மாற்றி அனுப்பினால் மாதக்கணக்கில் அலைச்சல். ‘கொன்ஃப்ரண்டாசி பற்றிய எல்லாம்’ என்று கேட்டால் 600 பவுண்ட் செலவு வரம்பைக் காட்டித் தள்ளிவிடுவார்கள். கோப்பு எண், தாள் எண், தேதி, நகல் போன மற்றக் கோப்பின் எண், இவ்வளவும் போட்டுக் கேளுங்கள். வேறு கோப்பில் திறந்திருக்கும் தாளை இங்கே மறைக்க அவர்களுக்குக் காரணம் சொல்ல வராது. மறுத்தால் அதே துறையில் மறுபரிசீலனை கேட்டு, பிறகு தகவல் ஆணையரிடம் போங்கள்.

உருவிய தாள்களின் எண்களை ஒரு பக்கம், நகல் போன இடங்களை மறுபக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். கோப்பு எண் இல்லாமல் ‘சதி’ என்று மட்டும் எழுதினால் பதில் வராது.