கோட்டாற்றுத் தேரும் நல்லமிளகும்

ஐயா, வணக்கம். டிசம்பர் 3 அன்று நாகர்கோவிலில் நண்பர் வீட்டில் இருந்தேன். கோட்டாறு சவேரியார் கோயில் தேர் பார்க்கப் போனோம். தேர்மேல் உப்பும் மிளகும் போடுகிறார்கள். பின்னாலேயே தரையில் விழுந்து கும்பிட்டபடி வருகிறார்கள். இதெல்லாம் நம் கோயில்களைப் பார்த்துச் செய்வதுதானே? ஸ்பெயினிலிருந்து வந்த பாதிரியாருக்கு எதற்கு உப்பும் மிளகும்?

– கோவையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எங்கள் வீடு கிறிஸ்தவ வீடு இல்லை. ஆனாலும் சின்ன வயதில் என் கழுத்தில் மரு கிளம்பியபோது அம்மா கோட்டாறு சவேரியாருக்குத்தான் நேர்ந்துகொண்டாள். உப்பு கரைகிற மாதிரி மரு கரையும் என்பது நம்பிக்கை. அம்மன் கோயிலுக்கும் இதே நேர்ச்சை உண்டு.

அன்றைக்கு அம்மா கையில் கொடுத்த காகிதப் பொட்டலம் இன்னும் நினைவிருக்கிறது. தேர் வருவதற்குள் வியர்வையில் உப்பு கசிந்து காகிதம் பிய்ந்துவிட்டது. ரோடு முழுக்கக் கல்லுப்பு, காலடியில் நொறுங்கும். மிதிபட்ட நல்லமிளகின் காரம் மூக்கில் ஏறும். (எங்கள் ஊரில் மிளகு என்றால் வற்றலையும் சொல்வோம், அதனால் இது நல்லமிளகு.) கும்பிடு நமஸ்காரம் செய்து வந்த ஒருவர் எழுந்தபோது நெற்றியிலும் நெஞ்சிலும் மிளகு ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிடாமல் நாலு அடி வைத்து மறுபடி விழுந்தார்.

'பார்த்துச் செய்வது' என்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. 1544இல் திருவிதாங்கூர் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாகச் சவேரியாரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவர்கள் எல்லாரும் இந்த மண்ணின் ஜனங்கள். சாமி மாறியது, நேர்கிற விதம் கூடவே வந்தது. இன்னொன்று, திருவிதாங்கூரில் கோயில் நுழைவு பிரகடனம் வந்ததே 1936இல்தான். அதுவரை பெரிய கோயில் வாசலைக்கூட நெருங்க முடியாதவர்கள் எதைப் பார்த்துச் செய்திருப்பார்கள்? அவரவர் பீடத்தில் செய்துவந்ததைத்தான் தேருக்கும் செய்தார்கள்.

சரி, சவேரியார் இதை ஒப்புக்கொண்டிருப்பாரா? மாட்டார் என்றே நினைக்கிறேன். புதிதாக மதம் மாறியவர்கள் விக்கிரகங்களை உடைத்ததைச் சந்தோஷமாக எழுதியவர் அவர். 1552 டிசம்பர் 3இல் சீனக் கரையோரம் ஒரு தீவில் அவர் இறந்துபோனார். அப்புறம் அவரைத் தங்களுக்கு வேண்டிய மாதிரி ஆக்கிக்கொண்டது இந்த ஜனங்கள்தான். இன்று அந்த நாளில் மாவட்டத்துக்கே லீவு.

அடுத்த முறை தேரோடு நின்றுவிடாமல் கோயிலுக்குள்ளும் போங்கள். 1712இல் நட்டாலத்தில் பிறந்து, பின்னால் கிறிஸ்தவராக மாறி, 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. 2022இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். அதற்கு எத்தனையோ காலம் முன்பே எங்கள் ஊர்க்காரர்கள் அந்தக் கல்லறையைத் தொட்டுக் கும்பிட்டுவந்தார்கள். மரு உதிர்ந்த பிறகு அம்மா என்னையும் அங்கே கூட்டிப்போனாள்.