மழை பெய்யும் இரவில் பெங்களூரு ரோடுகளில் வெள்ளைக் கோடு ஏன் காணாமல் போகிறது? நனைந்தாலும் தெரிகிற பெயிண்ட் கிடையாதா?

கோடு எங்கேயும் போகவில்லை, தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது. நனைந்தாலும் தெரிகிற சரக்கும் உண்டு. இந்த ஊரில் ரோடு மார்க்கிங் வேலையில் ஆறு வருடம் சூப்பர்வைசராக இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரவில் கோடு பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் பெயிண்ட் அல்ல, அதன் மேல் தூவுகிற கண்ணாடி மணிகள். சைட்டில் பீட்ஸ் என்போம். கையில் அள்ளினால் சன்ன ரவை மாதிரி இருக்கும். வண்டியின் வெளிச்சம் மணிக்குள் நுழைந்து, வளைந்து, பின்பக்கம் பெயிண்டில் பட்டு, வந்த வழியே திரும்பி ஓட்டுகிறவர் கண்ணுக்கு வந்துவிடும். சந்தேகமாக இருந்தால் இன்று ராத்திரி உங்கள் தெருவிலேயே பாருங்கள். போன் டார்ச்சைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பத்தடி தள்ளி இருக்கும் ஜீப்ரா கிராஸிங்கில் அடியுங்கள். நல்ல கோடாக இருந்தால் ஜிலுஜிலுவென்று மின்னும். அப்படியே கையைப் பக்கவாட்டில் நீட்டி, தூரத்திலிருந்து அதே இடத்தில் அடித்தால் அந்த மினுமினுப்பு போய்விடும்; வெறும் வெள்ளைதான் தெரியும்.

இப்போது அதன் மேல் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றுங்கள். கதை முடிந்தது. சாதாரணக் கண்ணாடி மணியின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு, சுமார் 1.5. காற்றிலிருந்து வரும் ஒளியை அது ஓரளவு நன்றாகவே குவிக்கும். தண்ணீரின் எண் 1.33. மணி தண்ணீரில் முழுகிவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் குறைந்து, ஒளி போதிய அளவு வளையாது, பெயிண்டில் ஒரு புள்ளியாகக் குவியாது. அது போதாதென்று மேலே நிற்கும் தண்ணீர் முகம் பார்க்கும் கண்ணாடி போல வேலை செய்து உங்கள் ஹெட்லைட்டை முன்னால் தள்ளிவிடும். அதனால்தான் உங்கள் வெளிச்சம் உங்களுக்கு உதவாது, எதிரே வரும் பஸ்ஸின் வெளிச்சம் மட்டும் ரோடெல்லாம் நீளநீளமாகக் கண்ணில் குத்தும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, மணியை மாற்றுவது. ஒளிவிலகல் எண் 1.9, 2.4 என்று உயர்ந்த மணிகள் இருக்கின்றன. 2.4 மணி தண்ணீரில் முழுகினாலும், தண்ணீரின் எண்ணோடு அதன் விகிதம் 1.8 வந்துவிடும், ஒளியைக் குவிக்க அது போதும். ஆனால் அதே மணி காய்ந்த ரோட்டில் அவ்வளவு சாமர்த்தியம் காட்டாது. அதனால் இரண்டையும் கலந்து போடுவார்கள். பெயிண்டுக்குப் பதிலாக ரோட்டில் ஒட்ட, வெளிநாட்டில் மழைக்கென்றே விற்கும் டேப்புகளில் இந்தச் சங்கதிதான். விலையைக் கேட்டால் நம்மூர் கான்ட்ராக்டர் காதைப் பொத்திக்கொள்வார்.

இன்னொரு வழி, எனக்குப் பிடித்தது: கோட்டையே தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுவது. தட்டையாகப் போடாமல் குட்டிக் குட்டி மேடாகவோ குறுக்கு வரப்பாகவோ போட்டால், தண்ணீர் இடுக்கில் வடிந்து மேட்டின் தலை வெளியே நிற்கும். டயர் ஏறினால் கடகடவென்று சத்தமும் வரும், தூங்கி வழிகிற டிரைவருக்கு அது வேறு உபகாரம். மணியையும் ரவை சைஸ் விட்டு, கசகசா சைஸில் பெரிதாகப் போட்டால் மெல்லிய ஈரப்படலத்தைத் தாண்டி எட்டிப் பார்க்கும். கேட்ஸ் ஐ என்று நாம் சொல்லும், ரோட்டில் பதித்து இரவில் மின்னும் ஸ்டட்டும் இதே சாதிதான். இங்கிலாந்துக்காரர் பெர்சி ஷா 1934-ல் காப்புரிமை வாங்கிய அசல் கேட்ஸ் ஐயில், டயர் ஏறும்போது ரப்பர் அமுங்கி, தேங்கிய மழைநீரிலேயே கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளும். எனக்கு அது ஒரு சின்ன அதிசயம். நாம் ஒட்டுவது பெரும்பாலும் பிளாஸ்டிக் பெட்டி. லாரி ஏறி ஏறிப் பெயர்ந்து போனதும் பைக் ஓட்டுகிறவர்களை இடறும்.

சரி, இதெல்லாம் சரக்கு. நிஜத்தில் கோட்டைக் கெடுப்பது போடுகிற கைதான். தெர்மோபிளாஸ்டிக்கை, அதாவது சூட்டில் உருகி ஆறினால் இறுகும் கோட்டுப் பெயிண்டை, 180 முதல் 200 டிகிரி வரை காய்ச்சி, சுமார் 2.5 மி.மீ. கனத்துக்கு இழுத்து, சூடு ஆறுவதற்குள் மணி தூவ வேண்டும். மணி பாதிக்குக் கொஞ்சம் மேலே புதைந்து, மீதி வெளியே தெரிய வேண்டும். எங்கள் மேஸ்திரி திருவண்ணாமலைக்காரர், இங்கே மர்ஃபி டவுனில் குடியிருந்தார். தெர்மாமீட்டரை அவ்வளவாக நம்பமாட்டார். பெயிண்ட் ஓடுகிற லட்சணத்தைப் பார்த்தே, "தம்பி, சூடு ஓவராப் போச்சு, மணியெல்லாம் முங்கிடும், கொஞ்சம் பொறு" என்பார். ஆறிப்போனால் மணி ஒட்டாமல் மறுநாளே டயரோடு போய்விடும். ரோடு ஈரமாக இருந்தால் நீராவி கிளம்பிக் கோடு பொத்தல் பொத்தலாகும். எனவே மழைக்காலத்தில் அவசர அவசரமாகப் போட்ட கோட்டைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

அப்புறம் மூட்டைக் கணக்கு. சதுர மீட்டருக்கு 250 கிராம் மணி தூவ வேண்டும். 10 செ.மீ. அகலக் கோடு 1 கி.மீ. ஓடினால் 100 சதுர மீட்டர், அதாவது 25 கிலோ, ஒரு மூட்டை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், 3 கி.மீ.க்கு ஒரு மூட்டை போதும் என்று மேலிடத்து உத்தரவு. பகலில் வந்து பார்த்த இன்ஜினியருக்குக் கோடு பால் வெள்ளையாகத் தெரிந்தது, பில்லும் பாஸாயிற்று. இரண்டு மாதம் கழித்து ஒரு செப்டம்பர் மழையில் அதே ரோட்டில் ஸ்கூட்டரில் வந்தேன். மீடியன், அதாவது நடுத்தடுப்பு, எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் முன் சக்கரத்தை ஏற்றி விழுந்தேன். முட்டி வீங்கிப் பத்து நாள் வீட்டில். யாரைத் திட்டுவது? கோடு போட்டதே நாங்கள்தான்.

பெங்களூரில் இன்னொரு தொல்லை ஒயிட் டாப்பிங், அதாவது தார் ரோட்டின் மேல் போடும் கான்கிரீட். வெளிறிய கான்கிரீட்டில் வெள்ளைக் கோடு பகலிலேயே மங்கல். இருபக்கமும் கறுப்பு விளிம்பு கொடுத்தால்தான் எடுப்பாகத் தெரியும். அடியில் பிடிப்புக்காகப் பிரைமர் அடிக்காவிட்டால் அப்பளம் மாதிரி பெயர்ந்து வரும். இன்னொன்று, ரோட்டோர வடிகால் சல்லடையில் குப்பை அடைத்துக் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றால் 2.4 மணியும் ஒன்றும் செய்யாது.

உங்கள் ரோட்டுக்குப் புகார் கொடுப்பதாக இருந்தால் பகல் போட்டோ அனுப்பாதீர்கள். "கோடு நன்றாகத்தானே இருக்கிறது" என்று மூடிவிடுவார்கள். ஐரோப்பிய முறையில் ஒரு பக்கெட் தண்ணீரைக் கோட்டின் மேல் கொட்டி, 1 நிமிடம் கழித்து, எவ்வளவு வெளிச்சம் திரும்பி வருகிறது என்று மீட்டர் கருவியில் அளப்பார்கள். உங்களிடம் மீட்டர் இருக்காது, போன் இருக்கிறது. ராத்திரியில் மழை விட்டதும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, ஃபிளாஷ் போட்டுக் கோட்டை நீளவாக்கில் எடுங்கள். ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், ஓட்டுகிறவர் கண்ணுக்கு என்ன தெரியுமோ ஏறக்குறைய அதுதான் படத்தில் விழும். பக்கத்திலேயே நன்றாகத் தெரிகிற கோடு ஒன்று இருந்தால் அதையும் ஒரு படம் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள்.