9 மாத சிப்பிப்பாறை நாய், கூப்பிட்டால் வருவதில்லை

மைதானத்தில் அவிழ்த்து விடுவதை இன்றோடு நிறுத்துங்கள். 10 மீட்டர் கயிறு வாங்கி ஹார்னஸில் (நெஞ்சைச் சுற்றி மாட்டும் வார்) மாட்டுங்கள். கழுத்துப்பட்டையில் வேண்டாம், சிப்பிப்பாறை சில தாவலிலேயே முழு வேகம் எடுக்கும், கயிறு வெட்டி இழுத்தால் கழுத்து அடிபடும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது.

ஆறு மாதத்தில் ஓடி வந்தது, இப்போது ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆட்டை விரட்டப் போகிறது என்கிறீர்கள். பாதி வயசுக்கோளாறு. மீதிக் காரணம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது: வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும்தான் "வா" சொல்கிறீர்கள். வந்தால் சங்கிலி, ஆட்டம் முடிந்தது. எந்த நாய்தான் வரும்?

ஒரு சோதனை. அது வேறு அறையில் இருக்கும்போது, நாள் முழுக்கப் பரவலாக, பத்து முறை கூப்பிடுங்கள்.

1. எட்டு முறையாவது வந்தால் மொட்டை மாடி, பிறகு கயிறோடு மைதானம்.
2. அதற்குக் குறைந்தால் "வா" கெட்டுப்போய்விட்டது. விசிலைப் புதிதாகப் பழக்குங்கள்.

வந்தவுடன் உப்பு, மசாலா, வெங்காயம் சேராத வெந்த கோழி, சுண்டுவிரல் நகமளவு. பட்டையைத் தொட்டுவிட்டு மறுபடி விளையாட அனுப்புங்கள். ஐந்தில் ஒரு முறைதான் வீட்டுக்கு. தாமதமாக வந்தாலும் அடிக்காதீர்கள்; அடித்தால் அடுத்த முறை கைக்கு எட்டாத தூரத்தில் நின்று போக்குக் காட்டும்.

ஒன்று: இது கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை நாய். ஆடு, முயல் ஓடும் வேலியில்லாத இடத்தில் எவ்வளவு பழக்கினாலும் நம்பி அவிழ்க்க முடியாது. வீட்டுக்குள்ளும் கூப்பிடுவதைத் திடீரெனக் கண்டுகொள்ளாமல் இருந்தால் மருத்துவரிடம் காதைக் காட்டுங்கள்.