‘அப்படி ஒரு திட்டம் இல்லை’ என்றால் என்ன அர்த்தம்?

வணக்கம் ஐயா,

பிரிட்டன் அரசியல் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். மூன்று சந்தேகங்கள்.

ஒன்று, அங்குள்ள தலைவர்கள் ஒன்றைச் சொல்கிறார்கள், சில மாதத்தில் வேறொன்று நடக்கிறது. கேட்டால் “நான் சொன்னது அதுவல்ல” என்கிறார்கள். உழைக்கும் மக்கள் மீது வரி போடமாட்டோம் என்று 2024 தேர்தலில் சொன்ன லேபர் கட்சி, அதே ஆண்டு அக்டோபரில் நேஷனல் இன்சூரன்ஸை (சம்பளத்தின் மீது தொழிலாளியும் முதலாளியும் அரசுக்குக் கட்டும் சமூகக் காப்புத் தொகை) ஏற்றியது. இதைப் பொய் என்று சொல்லலாமா?

இரண்டு, ‘ஈழத்தமிழருக்கு நீதி: பிரிட்டன் நாடாளுமன்றம் வலியுறுத்தல்’ என்று வாட்ஸப்பில் அடிக்கடி வருகிறது. கூடவே ஒரு தாளின் படம், கீழே சில எம்.பி.க்களின் பெயர்கள். இதற்கு என்ன மதிப்பு?

மூன்று, என் தங்கை குடும்பம் கிளாஸ்கோவில் இருக்கிறது. ஆரம்பப் பள்ளிகளில் இலவசக் காலை உணவு என்று பிரிட்டன் கல்வி அமைச்சர் அறிவித்ததைப் படித்துவிட்டு அவளிடம் கேட்டேன். “இங்கே அப்படி யாரும் சொல்லலையே அண்ணா” என்றாள். யார் சொல்வது சரி?

ஒரு வாசகர், திருச்சி

*

அன்புள்ள நண்பருக்கு,

பெரும்பாலும் பொய் இல்லை. பொய்யில் சிக்காதபடி பார்த்துப் பார்த்துக் கட்டிய வாக்கியங்கள். இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு.

காமன்ஸ் சபைக்குள், அதாவது நாடாளுமன்றக் கீழவைக்குள், பேசியதற்காக ஒரு உறுப்பினர் மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது. 1689 உரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு தரும் காப்பு அது. அதற்கு ஈடாகச் சபை தன் கையில் ஒரு பிரம்பை வைத்திருக்கிறது. அமைச்சர்களுக்கான நடத்தை விதிகளின்படி, சபைக்குத் தெரிந்தே தவறான தகவல் தந்தவர் ராஜினாமா செய்ய முன்வர வேண்டும். தெரியாமல் தந்திருந்தால் முதல் வாய்ப்பிலேயே திருத்த வேண்டும். ‘தெரிந்தே’ என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பல அமைச்சர்கள் பதவியில் தொங்குகிறார்கள். (அதே சபையில் இன்னொருவரைப் பொய்யர் என்றால், சொன்னவர்தான் வெளியே போக வேண்டும். போரிஸ் ஜான்சன் திரும்பத் திரும்பப் பொய் சொன்னார் என்று 2021 ஜூலையில் பேசிய லேபர் எம்.பி. டான் பட்லர் அன்று சபையை விட்டு வெளியேற்றப்பட்டார்.)

தெரியாமல் தவறினாலும் சில சமயம் பதவி போகும். 2018 ஏப்ரலில் உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட், சட்டவிரோதமாகக் குடியேறியவர்களை நாட்டைவிட்டு அனுப்புவதற்கு எண்ணிக்கை இலக்குகள் கிடையாது என்று நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். இலக்குகள் இருந்தது வெளியே வந்ததும், அறியாமல் தவறாக வழிநடத்திவிட்டதாகச் சொல்லிப் பதவி விலகினார்.

இப்போது, அன்று பிரதமராக இருந்த ஜான்சனின் வாக்கியம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2021 டிசம்பர் 8 அன்று, ஊரடங்குக் கால விருந்துகள் பற்றிச் சபையில் பேசும்போது, விருந்து எதுவும் நடக்கவில்லை, கோவிட் விதி எதுவும் மீறப்படவில்லை என்று ‘எனக்குத் திரும்பத் திரும்ப உறுதி கூறப்பட்டது’ என்றார். ‘விருந்து நடக்கவில்லை’ என்பது உலகத்தைப் பற்றிய கூற்று, தப்பென்றால் மாட்டிக்கொள்வார். ‘எனக்கு உறுதி கூறப்பட்டது’ என்பது தன் காதுக்கு வந்ததைப் பற்றிய கூற்று. பின்னால் என்ன தெரியவந்தாலும் இது உண்மையாகவே நிற்கும். உறுதி கூறியது யார் என்று சிறப்புரிமைக் குழு துருவியபோதுதான் வாக்கியம் சரிந்தது: சொன்னவர்கள் அவருடைய ஊடக ஆலோசகர்கள், சட்ட அதிகாரிகள் அல்லர். தெரிந்தே சபையைத் தவறாக வழிநடத்தினார் என்ற குழு அறிக்கையை 2023 ஜூனில் 354-க்கு 7 என்று சபை ஏற்றது. அதற்குள் அவர் எம்.பி. பதவியையே விட்டிருந்தார். ஆகவே செயப்பாட்டு வினை வந்தால், ‘யாரால்?’ என்று கேளுங்கள்.

சபைக்குள் பழகிய இந்தக் கை வெளியே மேடையிலும் தொலைக்காட்சியிலும் அப்படியே வேலை செய்கிறது. அங்கே புகழ்பெற்ற சொற்றொடர் ‘அப்படி ஒரு திட்டம் இல்லை’. 2010 தேர்தல் பிரசாரத்தில் வாட் வரியை ஏற்றும் திட்டமில்லை என்றது கன்சர்வேடிவ் கட்சி. தேர்தல் மே 6. ஜூன் 22 பட்ஜெட்டில் வாட் 17.5 சதவீதத்திலிருந்து 20 ஆகும் என்று அறிவிப்பு. 2011 ஜனவரி 4 முதல் அமல். தேர்தல் முடிந்து ஏழு வாரம் ஆவதற்குள் அந்த அறிவிப்பு. கேட்டால், அன்றைக்குத் திட்டம் இல்லை, கணக்கைத் திறந்து பார்த்த பிறகு வந்தது என்பார்கள். ‘ஏற்றமாட்டோம்’ என்றால் வாக்குறுதி. ‘திட்டமில்லை’ என்றால் அன்றைய தேதிக்கான நிலவரம், அவ்வளவே. ‘தற்போதைக்கு’, ‘உரிய நேரத்தில்’, ‘தொடர்ந்து கவனித்து வருகிறோம்’ எல்லாம் இதன் பங்காளிகள்.

நீங்கள் கேட்ட நேஷனல் இன்சூரன்ஸ் விஷயம் இதைவிடச் சுவாரசியம். லேபர் தேர்தல் அறிக்கையின் வாக்கியத்துக்கு இரண்டு பாதி. முதல் பாதி: உழைக்கும் மக்கள் மீது வரியை உயர்த்தமாட்டோம். இரண்டாம் பாதி: ஆகவே நேஷனல் இன்சூரன்ஸையோ, வருமான வரியின் அடிப்படை, உயர், கூடுதல் விகிதங்களையோ, வாட் வரியையோ உயர்த்தமாட்டோம். 2024 அக்டோபர் 30 பட்ஜெட்டில் முதலாளி கட்டும் நேஷனல் இன்சூரன்ஸ் 13.8-லிருந்து 15 சதவீதமானது. அது தொடங்கும் சம்பள வரம்பு 9,100 பவுண்டிலிருந்து 5,000-க்கு இறங்கியது. ஆண்டுக்கு 30,000 பவுண்ட் சம்பளக்காரர் ஒருவருக்கு முதலாளி 2,884 பவுண்ட் கட்டிய இடத்தில் இப்போது 3,750.

அரசு தன் வாதத்தை முதல் பாதியில் ஊன்றியது: தொழிலாளியின் சம்பளச் சீட்டில் பிடித்தம் ஒரு பைசா கூடவில்லை. வாக்காளர் படித்ததோ இரண்டாம் பாதி. அதில் ‘தொழிலாளி கட்டும்’ என்ற அடைமொழி இல்லை. நேஷனல் இன்சூரன்ஸ் என்று மொட்டையாகத்தான் இருக்கிறது. என் தீர்ப்பைக் கேட்டால், இந்த வழக்கில் வாக்காளர் பக்கம்தான் எழுத்து இருக்கிறது. முதலாளி மீது விழும் இந்தச் சுமையின் பெரும்பகுதி காலப்போக்கில் குறைந்த சம்பள உயர்வாகத் தொழிலாளியிடமே வந்து சேரும் என்று, அரசின் வரவுசெலவைச் சுயேச்சையாகக் கணிக்கும் பட்ஜெட் பொறுப்பு அலுவலகமும் சொன்னது.

எண்களுக்கு வருவோம். 2024 ஜூன் 4 தொலைக்காட்சி விவாதத்தில், லேபர் வந்தால் குடும்பத்துக்கு 2,000 பவுண்ட் வரி கூடும் என்று ரிஷி சுனக் அடித்துக்கொண்டே இருந்தார். கணக்கு இது: லேபரின் திட்டங்களுக்கு 3,850 கோடி பவுண்ட் துண்டு விழும் என்று அவர் கட்சி போட்ட தொகை. வேலைக்குப் போகிறவர் உள்ள குடும்பங்கள் 1.84 கோடி. வகுத்தால் 2,090 சொச்சம். ஆனால் அந்த 3,850 கோடி நாலு வருஷத்துக்கு. ஆண்டுக்கு என்று பார்த்தால் 520 சொச்சம்தான். கேட்டவர் எல்லாரும் வருஷத்துக்கு 2,000 என்றே எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் சொன்னதும். நாலு ஆண்டுக் கூட்டல் என்பது அதைக் கேட்பவருக்குத் தெரிய வழியில்லை என்று புள்ளிவிவர ஒழுங்குமுறை அலுவலகம் சொன்னது. நிதித்துறை அதிகாரிகள் போட்ட கணக்கு என்று சுனக் சொன்னதற்கும் மறுப்பு வந்தது: மொத்தத் தொகையைக் கணக்கிட்டதில் அதிகாரிகளுக்குப் பங்கில்லை என்று அத்துறையின் தலைமைச் செயலரே எழுதியிருந்தார்.

லேபர் சளைத்ததல்ல. முந்தைய அரசு விட்டுப்போன ‘2,200 கோடி பவுண்ட் ஓட்டை’ என்று, நிதி அமைச்சராக வந்த ரேச்சல் ரீவ்ஸ் 2024 ஜூலையிலிருந்து சொல்லிவந்தார். தனக்குத் தெரிவிக்காமல் விடப்பட்டதாகப் பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் கண்டது 950 கோடி. எந்த எண் வந்தாலும் கேட்க வேண்டியவை: எத்தனை வருஷத்துக்கு, எத்தனை பேரால் வகுத்தது, கூட்டியது யார்.

உங்கள் வாட்ஸப் தாள். படம் இல்லாமலே சொல்லலாம், அது அநேகமாக ‘ஏர்லி டே மோஷன்’ என்னும் தீர்மான முன்மொழிவு. ‘இந்தச் சபை’ என்ற பொருளில் தொடங்கி, முற்றுப்புள்ளியே வராமல் ஒரே வாக்கியமாக ஓடும். 250 சொற்களுக்கு மேல் கூடாது. ‘விரைவில் ஒரு நாள்’ விவாதிக்க வேண்டும் என்று பெயர், அந்த நாள் பெரும்பாலும் வருவதே இல்லை. ஒரு எம்.பி. நினைத்தால் கொடுக்கலாம், மற்றவர்கள் பெயர் சேர்க்கலாம். அமைச்சர்களும் கொறடாக்களும் வழக்கமாகக் கையெழுத்திடமாட்டார்கள். ஆகவே ‘நாடாளுமன்றம் வலியுறுத்தல்’ தவறு, ‘இத்தனை எம்.பி.க்கள் வலியுறுத்தல்’ சரி. அடியோடு வீண் என்றும் தள்ளிவிட முடியாது: 1979-இல் லேபர் பிரதமர் காலஹன் அரசை ஒரு வாக்கில், 311-க்கு 310 என்று கவிழ்த்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் இப்படி ஒரு தாளாகத்தான் உள்ளே வந்தது. ஆனால் அதைக் கொடுத்தவர் எதிர்க்கட்சித் தலைவர் தாட்சர்.

சில தாள்களில் ‘அனைத்துக் கட்சி நாடாளுமன்றக் குழு’ என்றிருக்கும். அதுவும் நாடாளுமன்றக் குழு அல்ல, ஆர்வமுள்ள உறுப்பினர்களின் சங்கம். அதன் அறிக்கைகளில் ‘இது சபையின் அதிகாரபூர்வ வெளியீடு அல்ல’ என்று போட்டாக வேண்டும். வாட்ஸப்புக்கு வரும்போது அந்த வரி மட்டும் எப்படியோ வெட்டுப்பட்டுவிடும்.

சபை உண்மையிலேயே வாக்களித்தாலும் அரசு அசையாமல் இருக்கலாம். பாலஸ்தீனத்தை அங்கீகரிக்க வேண்டும் என்று 2014 அக்டோபர் 13 அன்று 274-க்கு 12 என்று தீர்மானம் நிறைவேறியது, அரசைக் கட்டுப்படுத்தாத தீர்மானம். அங்கீகாரம் வந்தது 2025 செப்டம்பர் 21. சீனாவில் உய்குர் மக்களுக்கு நடப்பது இனப்படுகொலை என்று 2021 ஏப்ரலில் சபை தீர்மானித்தபோதும், இனப்படுகொலையா என்று சொல்வது தகுதியுள்ள நீதிமன்றத்தின் வேலை என்ற தன் பழைய நிலைப்பாட்டில்தான் அரசு நின்றது. ஈழம் பற்றிக் கேட்டாலும் இதே பதில் வரும். தமிழருக்கென்று தனியாகச் செய்த மழுப்பல் என்று எண்ண வேண்டாம்.

அப்படியானால் ஈழம் தொடர்பாக எடையுள்ள கூற்றே இல்லையா? இருக்கிறது. 2013 நவம்பரில் யாழ்ப்பாணம் போய்வந்த டேவிட் கேமரன், மார்ச் மாதத்துக்குள் இலங்கை தானே நம்பகமான விசாரணையை முடிக்காவிட்டால் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் சர்வதேச விசாரணைக்கு முயல்வோம் என்றார். யார், எங்கே, எதற்குள் என்று மூன்றும் அதில் இருந்தன. 2014 மார்ச்சில் ஜெனீவாவில் அந்தத் தீர்மானம் நிறைவேறியது. இன்னொன்று, 2025 மார்ச் 24: இலங்கையின் முன்னாள் படைத் தளபதிகள் சவேந்திர சில்வா, வசந்த கரன்னாகொட, ஜகத் ஜயசூரிய, புலிகளிலிருந்து பிரிந்த கருணா ஆகிய நால்வர் மீது பிரிட்டன் விதித்த பயணத் தடையும் சொத்து முடக்கமும். இது அறிக்கைக்கு அப்பால் போய்ச் சட்டப்படி ஒரு பட்டியலில் ஏறிய விஷயம். ‘ஆழ்ந்த கவலை’ பத்து வந்தாலும் இப்படி ஒன்றுக்கு ஈடாகாது.

மூலத்தைப் பார்ப்பது கடினமில்லை. சபையில் பேசியது சுமார் மூன்று மணி நேரத்தில், சபைப் பேச்சுகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சார்ட் தளத்தில் ஏறிவிடும். அமைச்சர் பின்னால் திருத்தினாரா என்றும் அங்கேயே பார்க்கலாம். மேடைப் பேச்சு அரசுத் தளத்தில் இருக்கும், ஆனால் கட்சி அரசியல் வாசகங்களை அதிகாரிகள் நீக்கிவிட்டு, ‘அரசியல் உள்ளடக்கம் நீக்கப்பட்டது’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள். சர்ச்சையான வரி அநேகமாக அந்தப் பள்ளத்தில்தான் விழுந்திருக்கும். அதற்குக் காணொளியைத்தான் தேட வேண்டும். ‘பிரதமருக்கு நெருக்கமானவர்கள்’ சொன்னதாக வருவது விட்டுப் பார்க்கும் பட்டம். காற்று சரியில்லை என்றால் கயிற்றை அறுத்துவிடுவார்கள்.

கடைசியாக, உங்கள் தங்கை சொன்னதுதான் சரி. லண்டன் கல்வி அமைச்சரின் அதிகாரம் இங்கிலாந்தோடு முடிகிறது. 2025 ஏப்ரலில் 750 பள்ளிகளில் தொடங்கிய காலை உணவு, இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு மட்டும். கிளாஸ்கோ பள்ளிக்கு எடின்பரோவில் இருக்கும் ஸ்காட்லாந்து அரசுதான் பதில் சொல்லும். அங்கே ஆரம்பப் பள்ளியின் முதல் ஐந்து வகுப்புகளுக்கு மதிய உணவு எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம். சுகாதாரமும் அப்படியே. வரியில்தான் குழப்பம் கூடும்: உங்கள் தங்கையின் சம்பளத்துக்கான வருமான வரி விகிதங்களை ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் வைக்கிறது, படிகள் ஆறு. ஆகவே லேபர் அறிக்கையின் அந்த ‘அடிப்படை, உயர், கூடுதல்’ விகித வாக்குறுதி அவர் சம்பளத்துக்குப் பொருந்தாது. முதலாளி கட்டும் நேஷனல் இன்சூரன்ஸ் உயர்வு பொருந்தும். எந்த மசோதா பற்றிச் சந்தேகம் வந்தாலும் அதன் கடைசிப் பகுதியில், எந்தெந்தப் பகுதிகளுக்குச் செல்லும் என்று சொல்லும் பிரிவைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டே வரி.