கிளச் மாற்றக் காசு போடலாமா, காரையே மாற்றலாமா?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் இருந்து நிலாவெளிப் பாடசாலைக்குத் தினமும் 2005ஆம் ஆண்டு மாருதி 800இல் போய் வருகிறேன், இரண்டு பக்கமும் சேர்த்து 30 கிலோமீற்றர் வரும். கோணேசர் கோயில் ஏற்றத்தில் எஞ்சின் இரைகிறது, கார் இழுக்குதில்லை. கிளச் செட் 27,000, கூலி 13,000, மொத்தம் 40,000 ரூபாய் என்கிறார் மெக்கானிக். கையில் சேமிப்பு 120,000 இருக்கிறது. இரண்டு மாதத்தில் 100,000 ரூபாய் சீட்டு விழும். சேமிப்பைத் தொடாமல் சங்கிலியை அடகு வைக்கலாம் என்பது அம்மாவின் யோசனை. கணவரோ காரை இப்படியே 1,150,000க்குக் கொடுத்துவிட்டு, மாதம் 48,000 கட்டும் ஐந்து வருட லீசிங்கில் வேறொன்று எடுப்போம் என்கிறார். திருத்தினால் 1,250,000 தருவதாக காரை வாங்கக் கேட்ட அதே ஆள் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, திருத்துங்கள். சேமிப்பில் இருந்தே திருத்துங்கள், நகையைத் தொட வேண்டாம். ஆனால் காசைக் கொடுக்க முன்னம், பழுது கிளச்சில்தானா என்று உறுதி செய்யுங்கள்.

சமதரையில், முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில் ஹாண்ட்பிரேக்கை இறுக்கிப் போட்டு, நான்காம் கியரில் கொஞ்சம் அக்ஸிலரேட்டர் கொடுத்துக் கிளச்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் உடனே நின்றால் கிளச் பிடிக்கிறது. நிற்காமல் ஓடினால் வழுக்குகிறது. திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள், ஒருதரம் போதும். வழுக்கினாலும் முதலில் பெடலைக் கையால் அமுக்கிப் பாருங்கள். பாரம் தட்டுவதற்கு முன் ஒரு விரல் தடிப்புக்குச் சும்மா இறங்க வேண்டும். அந்தத் தளர்வு இல்லாவிட்டால், கேபிள் இறுகிக் கிளச்சை முழுதாகப் பிடிக்க விடாமல் வைத்திருக்கலாம். கேபிள் முனையிலுள்ள நட்டைத் திருகிச் சரிப்படுத்துவது சில நிமிட வேலை. கடற்காற்றில் நிற்கும் கார்களில் கேபிளுக்குள் கறள் ஏறிப் பெடல் கல் மாதிரி ஆவதும் உண்டு. கேபிளை மட்டும் மாற்றினால் தீரும் பழுதுக்குக் கியர்பொக்ஸை இறக்கக் கூடாது.

தளர்வு சரியாக இருந்தும் வழுக்கினால் கிளச் பிளேட் தேய்ந்துவிட்டது, அல்லது அதில் ஒயில் பட்டுவிட்டது. அப்படியென்றால் 40,000 போதாது, 55,000 ஒதுக்குங்கள். கூலி 13,000 முழுக்கக் கியர்பொக்ஸை இறக்கி ஏற்றுவதற்குத்தான். உள்ளே ஒன்றை விட்டுவிட்டு மூடினால் அதே கூலியை மறுபடியும் கட்ட வேண்டி வரும். செட் என்றால் கிளச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பெயாரிங் மூன்றும். பிளேட்டை மட்டும் மாற்றி, பழைய பிரஷர் பிளேட்டையே பூட்டலாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். புது நார் (உராய்ந்து பிடிக்கும் பட்டை) ஒட்டிய பழைய பிளேட்டும் வேண்டாம்.

மிச்சம் 15,000 எதற்கு? எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஒயில் சீல் கசிந்தால் புதுப் பிளேட்டும் சில கிழமைகளில் நனைந்து வழுக்கும். கசிந்திருந்ததற்கு அடையாளம், கியர்பொக்ஸ் கூட்டின் உட்பக்கம் கருப்பாகப் பிசுபிசுத்திருக்கும். சீலின் விலை சின்னது, அதை மாற்றாமல் விட்டால் வரும் செலவு பெரியது. கிளச் பிளேட் ஒட்டிப் பிடிக்கும் எஞ்சின் சக்கரமான பிளைவீல் முகத்தில் நீலத் தழும்போ மயிர் வெடிப்போ இருந்தால் லேத்தில் கடைய வேண்டும்; வெடிப்பு ஆழம் என்றால் மாற்ற வேண்டும். சக்கரங்களைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் கழற்றும்போது கியர் ஒயிலை வடிப்பார்கள், ஆகவே சுமார் 2 லீற்றர் புது ஒயிலும் இரண்டு பக்கச் சீல்களும் வேண்டும். கேபிளும் கையோடு புதிதாகட்டும். செட் வாங்கும்போது சாஸி நம்பரைச் சொல்லுங்கள். பழைய பிளேட்டைப் பக்கத்தில் வைத்து விட்டமும் நடுப்பல் எண்ணிக்கையும் ஒன்றா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பூட்டும்போது வரும் பிழைகள் மூன்று. பிளேட்டை முகம் மாற்றிப் போட்டால் கியர் விழாது. நடுவை ஒழுங்காகப் பிடிக்காமல் போல்ட்டை இறுக்கினால் கியர்பொக்ஸ் ஏறாது. அதைத் தள்ளி ஏற்றப் பார்த்து, அதன் பாரத்தை ஷாஃப்டில் தொங்கவிட்டால் பிளேட் வளைந்து, புறப்படும்போது கார் நடுங்கும். பிளேட்டின் நடுப்பற்களில் கிரீஸை அள்ளிப் பூசினால் அது தெறித்து நாரில் படும். மெக்கானிக்கிடம் இதைப் பக்குவமாகக் கேளுங்கள், நல்ல வேலைக்காரர் கோபிக்க மாட்டார்.

இனிக் காசு. மாதம் 22 நாள் ஓடினால் 660 கிலோமீற்றர். புதுக் கிளச் 50,000 கிலோமீற்றர் தாங்கும் என்று குறைத்தே வைத்தாலும் ஆறு வருடம் போகும்; கிலோமீற்றருக்கு ஒரு ரூபாய் பத்துச் சதம். சேமிப்பில் 65,000 மிஞ்சும். சீட்டு விழுந்ததும் முதல் வேலையாக 55,000ஐத் திரும்ப அதிலே போடுங்கள். அடகில் 55,000 எடுத்து மாதம் 2 வீதம் வட்டி என்றால், ஒரு வருடத்தில் 13,200 வட்டி மட்டும். கிளச் இறக்கி ஏற்றும் கூலியைவிட அது கூட.

கணவரின் கணக்கில் 48,000 அறுபது மாதத்துக்கு 2,880,000 ரூபாய். ஒரு தவணையும் கொஞ்சமும் போட்டால் கிளச் முடிந்துவிடும். விற்கத்தான் போகிறீர்கள் என்றாலும் திருத்தி விற்பதே லாபம்: விலை 100,000 கூடுகிறது, செலவு 55,000. அந்த ஆள் திருத்திய விலையைச் செய்தியிலாவது எழுதித் தந்தால் மட்டும் அதை நம்பிக் கணக்குப் போடுங்கள்.

ஒரே ஒரு நிலையில் என் பதில் மாறும். கார் ஜாக்கில் ஏறியிருக்கும்போது தரைத்தகட்டையும் முன் சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களையும் ஸ்குருடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் கறள் தின்றுவிட்டது. எஞ்சின் கம்பிரஷனும் குறைந்திருந்தால் 55,000ஐப் போடாமல் இருக்கும் நிலையிலேயே கொடுங்கள், வாங்குபவரிடம் பழுதை மறைக்காமல். அப்போதும் லீசிங் தவணை சம்பளத்தில் கால் பங்கைத் தாண்ட வேண்டாம்.

உதிரிப்பாகங்களைப் பில்லோடு நீங்களே வாங்கிக் கொடுங்கள், பழையவற்றைக் கேட்டு வாங்குங்கள். கூலியில் பாதியை முன்னுக்குக் கொடுத்து, மீதியைக் கோயில் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள். முதல் 500 கிலோமீற்றருக்கு ஏற்றத்தில் அரைக் கிளச்சில் காரைப் பிடித்து வைக்காமல் ஹாண்ட்பிரேக்கைப் பாவியுங்கள்; அதன் பிறகு ஒருமுறை போய்ப் பெடல் தளர்வைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இந்தச் சரிபார்ப்புக்குத் தனிக் கூலி இல்லை என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.