தீர்மானம் வேறு, திட்டம் வேறு

கேள்வி: எங்கள் கிராம சபையில் ஒவ்வொரு முறையும் இருபதுக்கும் மேற்பட்ட தீர்மானங்கள் நிறைவேற்றப்படுகின்றன. அடுத்த ஆண்டு பார்த்தால் இரண்டோ மூன்றோதான் நடந்திருக்கும். தொலைநோக்குடன் திட்டமிட ஊராட்சிக்குச் சட்டத்தில் இடமில்லையா?
- வாசகர் ஒருவர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: இடம் உண்டு. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் 243-ஜி பிரிவு, பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்குமான திட்டங்களை வகுக்கும் பொறுப்பை மாநிலச் சட்டமன்றங்கள் ஊராட்சிகளுக்கு வழங்கலாம் என்கிறது. பதினோராவது அட்டவணை அதற்கென 29 பொருள்களைக் குறிப்பிடுகிறது. ‘வழங்கலாம்’ என்றிருப்பதால், எவ்வளவு வழங்குவது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது.

கேரளம் 1996-இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவு செய்தது. தொகையைவிட அங்கே பின்பற்றப்பட்ட வரிசையே முக்கியமானது என்று கருதுகிறேன். முதலில் கிராம சபையில் தேவைகள் கேட்கப்பட்டன. பிறகு ஊரின் நீர், நிலம், தொழில், பள்ளி ஆகியவற்றின் நிலையை எழுதிய வளர்ச்சி அறிக்கை தயாரானது. அதைக் கருத்தரங்கில் விவாதித்த பின்னரே பணிக்குழுக்கள் திட்டங்களை வகுத்தன. நம் ஊர்களில் பெரும்பாலும் அந்த அறிக்கை இல்லாமலேயே பணிகளின் பட்டியல் பிறந்துவிடுகிறது.

உங்கள் தீர்மானங்கள் தேங்குவதற்கு நிதியின் தன்மையும் ஒரு காரணம். பதினைந்தாவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரையிலான ஊரக உள்ளாட்சி மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே கட்டிவைத்தது; ஆகவே அந்த மானியத்திலிருந்து தெருச் சாலை கேட்டவர்கள் எல்லாரும் மீதி 40 விழுக்காட்டுக்குள்தான் போட்டியிட வேண்டியிருந்தது. பேருந்து வசதி, ஆசிரியர் பணியிடம் போன்றவற்றில் ஊராட்சியால் பரிந்துரைக்க மட்டுமே முடியும். இவற்றையெல்லாம் ஒரே தாளில் ஒரே எடையுடன் எழுதுவதால், ஊராட்சி தானே முடிக்கக்கூடிய வேலையும் கோரிக்கை மனுக்களோடு சேர்ந்து மறக்கப்படுகிறது. மக்கள் நம்பிக்கையிழந்து சபைக்கு வருவதையே நிறுத்துவது இதனால்தான். அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் பருவத்தில், ஒவ்வொரு பணிக்கும் எந்த நிதி, எந்த ஆண்டு, யார் பொறுப்பு என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்த கிராம சபையில் புதிய தீர்மானம் எதையும் எடுக்கும் முன், பழைய தீர்மானங்கள் ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்பதைச் செயலர் வாசிக்க வேண்டும் என்று முதல் ஆளாக எழுந்து கேளுங்கள்.